ட்ராவல் கிரெடிட் கார்டு கிராமத்துக்கு வந்து சேருமா? பாபநாசம் பக்கம் 26 நாளாகக் காத்திருக்கிறேன்

குடமுருட்டிக்கரை (பாபநாசம் வட்டம்)

வணக்கம். தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள், தை மாதம் பிரசவம். அம்மாவை மார்கழி கடைசியில் கொண்டுபோய் விட வேண்டும். நானும் கூடப் போய்விட்டு ஒரு வாரத்தில், சம்பா அறுப்புக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும். அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. டிக்கெட் எப்படியும் வாங்கத்தான் போகிறோம், அதைப் பயணப் புள்ளி தரும் கார்டில் வாங்கினால் அடுத்த தடவை பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போது கொஞ்சம் செலவு குறையுமே என்று ஓர் எண்ணம்.

எனக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆறு ஏக்கர் நிலம், குறுவையும் சம்பாவும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் ரிட்டர்ன் தாக்கல் செய்ததும் இல்லை. இரண்டு வங்கிகளில் கேட்டேன், முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில், குறுவை நெல் போட்டு வந்த பணத்தில் ஒரு லட்சத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டால் அதன்மேல் கார்டு தருகிறோம் என்றார்கள். லிமிட் 90,000.

வீடியோ கேஒய்சி, அதாவது வீடியோ அழைப்பில் ஆளைச் சரிபார்ப்பது, அன்றைக்கு வீட்டுக்குள் சிக்னல் நிற்கவில்லை, மொட்டை மாடிக்குப் போனேன். ஐப்பசித் தூறல். பான் கார்டைக் கேமரா முன்னால் பிடிக்கச் சொன்னார்கள், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். தாள் நனைந்து மை கசிந்துவிட்டது, பான் கார்டில் இருக்கிற மாதிரி இல்லை என்று இரண்டு தடவை திரும்பப் போடச் சொன்னார்கள். மூன்றாம் தடவை அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள், அப்புறம்தான் முடிந்தது.

கார்டு கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் திருநெல்வேலியில் இருப்பதாகக் காட்டுகிறது. அங்கேயும் ஒரு பாபநாசம் இருக்கிறதே, அங்கே போய்விட்டது. பின்கோடு சரியாகத்தான் கொடுத்திருந்தேன். அங்கிருந்து கும்பகோணம் வந்து, மறுநாளே ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதி வங்கிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்க அம்மா திண்ணையில்தான் இருந்தார்கள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. தெருவுக்குள் யாரும் வரவில்லை.

இதெல்லாம் போகட்டும். நேற்று ஸ்டேட்மென்ட் வந்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 1,500, அதன்மேல் ஜிஎஸ்டி 270, ஆக 1,770 கட்டச் சொல்கிறது. கார்டு இன்னும் கண்ணில்கூடப் படவில்லை. இதைக் கட்ட வேண்டுமா? கார்டு வந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்கு இது கட்டுபடியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு காசாளர் (மயிலாடுதுறை)

தம்பி, முதலில் அந்த 1,770 பற்றி. 2022இல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கென்று ஒரு வழிகாட்டு ஆணை போட்டது. கார்டு வழங்கிய தேதியிலிருந்து 30 நாளுக்கு மேல் நீங்கள் அதைச் செயல்படுத்தாமல் இருந்தால், வங்கி ஓடிபி மூலம் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் இல்லை என்றால் 7 வேலை நாளுக்குள் செலவு எதுவும் வைக்காமல் கணக்கை மூட வேண்டும். செயல்படுத்துவதற்கு முன் அந்தக் கணக்கைப் பற்றிச் சிபில் போன்ற, கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் இடங்களுக்குத் தகவல் அனுப்பவும் கூடாது. ஆகவே பயம் வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள். கார்டு கைக்கு வரவில்லை, கட்டணத்தைத் திரும்ப எடுங்கள் என்று இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசுவது பேச்சோடு போய்விடும், எழுத்து நிற்கும். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இன்னொன்று. திரும்பிப் போன அதே கார்டை மறுபடி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். உறை திருநெல்வேலி வரை போய் எத்தனை கை மாறியதோ தெரியாது. அதை முடக்கிவிட்டுப் புது எண்ணில் கார்டு கேளுங்கள். இந்தச் சமயம் பார்த்து, கார்டு ஆக்டிவேட் செய்யணும், ஓடிபி சொல்லுங்கள் என்று யாராவது அழைப்பார்கள். அவர் உங்கள் பெயர், ஊர் எல்லாம் சரியாகச் சொன்னாலும் ஓடிபியை வாயால் சொல்லாதீர்கள்.

அரசலாற்று அக்கா (கும்பகோணம்)

தம்பி, எங்களுக்கும் இதே கதைதான் நடந்தது. கூரியர்காரர்கள் டவுனுக்கு வெளியே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒரே ஒரு உறைக்காக வருவதில்லை. ஒரு தடவை போன் அடிப்பார்கள், வயலில் இருந்து எடுக்கவில்லை என்றால் வீடு பூட்டியிருந்தது என்று குறித்துவிடுவார்கள். கார்டைத் தபாலில், ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சில வங்கிகள் கிளைக்கே அனுப்பும், நாம் போய் ஆதாரைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

முகவரியில் வெறும் பாபநாசம் என்று எழுதாமல் அஞ்சலகத்தின் பெயரை முதலில் எழுதி, பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம் என்று முழுசாக எழுதுங்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே கார்டு விண்ணப்பத்தில் ஏறுகிறது, அதனால் ஆதாரில் மாவட்டம் விட்டுப்போயிருந்தால் அதையும் சரிசெய்துவிடுங்கள். உங்கள் ஊர்த் தபால்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி.

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி பக்கம்)

எல்லோரும் கார்டு எப்படி வரும் என்று பேசுகிறீர்கள். நான் வந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பெரியம்மா மகன் இதே போல ஒரு கார்டில் 80,000 ரூபாய்க்குக் குடும்பத்தோடு பயணம் போய்வந்தான். நெல் பணம் வந்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்தான். கார்டு கொடுக்கிற வட்டியில்லாக் காலம் 45, 50 நாள். சம்பா 150 நாள் பயிர். அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடந்து, ஈரப்பதம் பார்த்து, எடை போட்டு, கணக்கில் பணம் ஏறுவதற்குள் மூன்று ஸ்டேட்மென்ட் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினான், 5 சதவீதம், 4,000 ரூபாய். வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், அதாவது 2,800. அதற்கு ஜிஎஸ்டி 504. அவன் கட்டிய 4,000இல் அசலுக்குப் போனது வெறும் 696 ரூபாய். முழுசாகக் கட்டாதவரைக்கும் புதிதாக வாங்குகிற சாமானுக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், அது அவனுக்குத் தெரியவே தெரியாது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. விவசாயிகளுக்கு வங்கி தரும் கிசான் கடன் கார்டில் ஒழுங்காகக் கட்டினால் வருடத்துக்கு 4 சதவீதம். இங்கே மாதத்துக்கு 3.5. தம்பி, யோசித்துச் செய்யுங்கள்.

ஓய்வு காசாளர் (மயிலாடுதுறை)

வெண்ணாற்றங்கரை சொன்ன கணக்கு சரி. நான் வேலையில் இருந்தபோது இப்படி மாட்டிக்கொண்டு வந்தவர்களைக் கவுன்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் நாணயமானவர்கள், பணம் வரும் மாதம்தான் ஒத்துப்போகவில்லை. அதனால் குடமுருட்டிக்கரைத் தம்பிக்கு ஒன்று கேட்கிறேன்: டிக்கெட் பணம் இப்போது கையில் இருக்கிறதா, இல்லை சம்பாவை நம்பியா? இருந்தால் கார்டில் வாங்குங்கள். சம்பாவை நம்பி என்றால் வேண்டாம்.

ஸ்டேட்மென்ட் தேதியை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு ஒரு தடவையாவது வாய்ப்புத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்களுக்குப் பணம் வரும் தேதியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொகையை ஸ்டேட்மென்ட் போட்ட மறுநாள் தேய்த்தால் முழு 50 நாளும் கிடைக்கும், ஸ்டேட்மென்டுக்கு முந்தின நாள் தேய்த்தால் 20 நாள்தான்.

உழவன் எஸ்7 (தஞ்சாவூர்)

ரயில் பக்கம் நான் சொல்கிறேன். மாதம் இரண்டு தடவை உழவன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் வருகிறவன். ட்ராவல் கார்டு என்று பெயர் இருப்பதால் ரயில் டிக்கெட்டுக்கும் லாபம் என்று நினைத்து ஒரு வருடம் அதிலேயே போட்டேன். ஐஆர்சிடிசியில் யுபிஐயில் கட்டினால் ஸ்லீப்பருக்குச் சேவைக் கட்டணம் 10 ரூபாய், கார்டில் கட்டினால் 15, ஏசி என்றால் 20க்கு 30. இதன்மேல் ஜிஎஸ்டி, அப்புறம் கிரெடிட் கார்டுக்குத் தனியாகப் பரிவர்த்தனைக் கட்டணம் ஒரு சதவீதம் போலப் போகும். எனக்குக் கிடைத்த புள்ளியின் மதிப்பு அதைவிடக் குறைவு. ரயிலுக்கென்றே தனியாக இருக்கிற கார்டுகளில் அந்தக் கட்டணம் தள்ளுபடி ஆகும், அது வேறு விஷயம்.

ஊருக்கு வரும் கூட்டத்தில் பொங்கல் டிக்கெட் கிடைப்பதுதான் பெரிது. முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பரில் குறைந்துவிட்டது, காலை எட்டு மணிக்குக் கார்டு எண், ஓடிபி என்று நின்றால் உழவனும் மன்னை எக்ஸ்பிரஸும் நிறைந்துவிடும். அந்த நேரத்தில் யுபிஐதான் கை கொடுக்கிறது.

நாகைத் துறை (நாகப்பட்டினம்)

நான் நாகையிலிருந்து காங்கேசன்துறைக் கப்பலில் இரண்டு தடவை போய்வந்தேன். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியதே, அதில். வெளிநாட்டில் கார்டு தேய்ப்பதைப் பற்றி மூன்று சங்கதி.

புதுக் கார்டில் ஆன்லைன், வெளிநாடு, தொட்டுக் கட்டுவது மூன்றும் மூடியே வரும். 2020 அக்டோபரிலிருந்து இதுதான் முறை. ஆப்பில் போய் நாமே திறக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டுவிட்டுக் கார்டை நீட்டினால் மறுத்துவிட்டது, அங்கே உட்கார்ந்து ஆப்பைத் திறக்க நெட் இல்லை, கூட வந்தவர் பணம் கொடுத்தார்.

வெளிநாட்டுச் செலவுக்குப் பெரும்பாலான கார்டுகள் 3.5 சதவீதம் கூடுதலாக எடுக்கும், அதற்கும் ஜிஎஸ்டி, ஆக 4.13. பத்தாயிரம் ரூபாய்க்கு 413. இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் உண்டு, வாங்குவதற்கு முன் கேளுங்கள்.

அப்புறம் கடை மெஷினில் இந்திய ரூபாயா, உள்ளூர்ப் பணமா என்று கேட்கும். நம் ரூபாய் என்று பார்த்ததும் கை தானாக அங்கே போகும். வேண்டாம், உள்ளூர்ப் பணத்தையே அமுக்குங்கள். ரூபாய் என்று சொன்னால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிக்கொள்வார்கள், அது எப்போதும் நமக்கு நஷ்டம். இணையத்தில்கூட விலை ரூபாயில் இருந்தாலும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானது என்றால் சில வங்கிகள் ஒரு சதவீதம் போடுகின்றன.

குடமுருட்டிக்கரை (பாபநாசம் வட்டம்)

எல்லோருக்கும் நன்றி. ஐயா, டிக்கெட் பணம் கையில் இருக்கிறது. குறுவைப் பணத்தில் டெபாசிட் போக மீதியைத் தனியாகத்தான் வைத்திருக்கிறேன், அதைத் தொடவில்லை. வெண்ணாற்றங்கரை அண்ணன் எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

கார்டு வந்துவிட்டது! 41ஆவது நாள். அக்கா சொன்னபடி ஸ்பீட் போஸ்டில் புது எண்ணில் கேட்டேன். நல்ல மழை. தபால்காரர் மொபெட்டைக் களத்து மேட்டிலேயே நிறுத்திவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வரப்பு வழியாக வந்தார். உறையை உரச் சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, ‘தங்கச்சியைப் பார்க்கப் போறதுக்குத்தானே’ என்று கேட்டார். அம்மா அவருக்கு இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தார்கள்.

கட்டணம் 1,770ஐத் திருப்பிவிட்டார்கள், செயல்படுத்திய பிறகு மறுபடி வந்தது, அது நியாயம்தான், கட்டிவிட்டேன். முதலில் உரக்கடையில் தேய்க்கலாம் என்று பார்த்தேன், கார்டுக்கு 2 சதவீதம் தனி என்றார்கள். நமக்கு வருகிற புள்ளியே ஒரு சதவீதம் தேறாது, பணமாகவே கொடுத்துவிட்டேன். ராஜகிரிக் கடைத்தெருவில் க்யூஆரில் கட்டலாமா என்றால், கிரெடிட் கார்டில் ரூபே மட்டும்தான் யுபிஐயோடு சேருமாம், என்னுடையது ரூபே இல்லை.

டிக்கெட் திருச்சியிலிருந்து ஸ்கூட் விமானத்தில் போட்டேன். முதல் தடவை மறுத்துவிட்டது. நாகைத் துறை அண்ணன் சொன்னது நினைவு வந்து வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்ததும் போய்விட்டது. பெட்டி எடையோடு இரண்டு பேருக்கும் போக, வர 46,200. அன்று சாயங்காலமே தனியாக வைத்திருந்த பணத்திலிருந்து முழுசாகக் கட்டிவிட்டேன், ஸ்டேட்மென்ட் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

அதிரை அலை (அதிராம்பட்டினம்)

வாழ்த்துகள் சகோ. உங்கள் அம்மாவுக்கு முதல் பயணம் நல்லபடியாக அமையட்டும். எங்கள் வீட்டில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பதால் புள்ளி விஷயத்தில் கொஞ்சம் அடிபட்டுக் கற்றிருக்கிறேன்.

சேர்ந்த புள்ளியைக் கொடுத்து மிக்ஸி, பெட்ஷீட் என்று வாங்கவே வாங்காதீர்கள். அங்கே ஒரு புள்ளிக்கு 20, 25 காசுதான் தேறும். அதே புள்ளி விமான டிக்கெட்டுக்குப் போனால் 50 காசு, சில கார்டில் ஒரு ரூபாய்கூட. சில வங்கிகள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் க்ரிஸ்ஃப்ளையர் மைல்களாக, அதாவது அந்த நிறுவனத்தின் பயணப் புள்ளிகளாக, மாற்றவும் விடும். ஆனால் மாற்றினால் மாற்றியதுதான், திரும்ப எடுக்க முடியாது, அந்த மைல்களுக்கு ஆயுள் மூன்று வருடம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இலவச டிக்கெட் எடுத்தாலும் விமானம் சென்னையிலிருந்து. நம் பக்கத்திலிருந்து 350 கிலோமீட்டர் போய் ஏற வேண்டும், வயதானவர்களை வைத்துக்கொண்டு அது தேவையா என்று யோசியுங்கள். நாங்கள் மைலாக மாற்றுவதை விட்டுவிட்டோம்.

வாடகை, தங்க நகை, வாலெட்டில் பணம் ஏற்றுவது, பெட்ரோல் இவற்றுக்குப் பல கார்டுகளில் புள்ளியே கிடையாது. கல்யாண நகையைக் கார்டில் வாங்கினால் புள்ளி கொட்டும் என்று ஒருவர் எங்களிடமும் சொன்னார், ஒரு புள்ளிகூட வரவில்லை.

மலைக்கோட்டை டாக்ஸி (திருச்சி)

விமான நிலையத்துக்கு ஓட்டுகிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன் சார். 2024 ஜூனிலிருந்து புது டெர்மினலில்தான் எல்லாம் நடக்கிறது, பெரிய இடம், அம்மாவுக்கு நடக்கச் சிரமம் என்றால் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் தாமதமாகும். லவுஞ்ச், அதாவது விமான நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஓய்வறை, இலவசம் என்று கார்டில் எழுதியிருந்தாலும் முந்தைய மூன்று மாதம் இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும் என்று இப்போது நிபந்தனை வைத்துவிட்டார்கள். கார்டு உங்கள் பெயரில், அதனால் உங்களுக்கு மட்டும்தான், அம்மாவுக்குக் காசு கேட்பார்கள். வீட்டிலிருந்து இட்லி கட்டி வருகிறவர்கள்தான் நிம்மதியாக இருக்கிறார்கள்.

குடமுருட்டிக்கரை (பாபநாசம் வட்டம்)

பொங்கலுக்கு முதல் நாள் திரும்பிவிட்டேன். அம்மா அங்கேதான். பெண் குழந்தை, தை நாலாம் தேதி.

லவுஞ்சுக்குப் போகவில்லை, இட்லிதான். சக்கர நாற்காலி சொல்லி வைத்தது பெரிய உதவி.

சிங்கப்பூரில் ரயிலிலும் பஸ்ஸிலும் கார்டைத் தொட்டே ஏறலாம். ஆனால் வெளிநாட்டுக் கார்டு என்றால் பயன்படுத்துகிற ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு, அவர்கள் காசில், தனியாகப் பிடிக்கிறார்கள். ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும், அம்மாவுக்குத் தங்கை தன் பழைய பயண அட்டையைக் கொடுத்தாள். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் மெஷின் ரூபாயா டாலரா என்று கேட்டது, டாலரை அமுக்கினேன்.

வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கார்டில் புதிதாகச் சேர்ந்ததற்கு 2,000 புள்ளி, டிக்கெட்டுக்கு 924, அங்கே 14,500 ரூபாய் போலச் செலவழித்ததற்கு 290. மொத்தம் 3,214, டிக்கெட்டுக்குப் பயன்படுத்தினால் 1,607 ரூபாய். அங்கே செலவழித்ததற்கு மாற்றுக் கட்டணமாகப் போனது 599. ஆண்டுக் கட்டணம் 1,770. ஆக முதல் வருடம் எனக்கு 762 ரூபாய் கை நஷ்டம். அந்த 14,500ஐக் கையோடு டாலராகக் கொண்டுபோயிருக்கலாம், இல்லை அந்தக் கட்டணம் இல்லாத கார்டாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கிடைத்தது என்னவென்றால் சிபிலில் எனக்கென்று முதல் தடவையாக ஒரு கணக்கு ஏறியிருக்கிறது, நேரத்துக்குக் கட்டினான் என்று. வருமானச் சான்று இல்லாத எனக்கு அது வேண்டும். வருடத்தில் ஒன்றரை லட்சம் செலவழித்தால் அடுத்த கட்டணம் கிடையாது என்கிறார்கள், அதற்காக இல்லாத செலவைச் செய்யப் போவதில்லை.

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி பக்கம்)

குழந்தைக்கும் தாய்க்கும் நலம் உண்டாகட்டும் தம்பி. கணக்கை ஒளிக்காமல் போட்டீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கார்டை வேண்டாம் என்று மூடினால் டெபாசிட் திரும்ப வருமா?

குடமுருட்டிக்கரை (பாபநாசம் வட்டம்)

வரும் அண்ணா, பாக்கி இல்லாமல் மூடினால் முழுசாக வரும், ஆனால் புள்ளி எல்லாம் போய்விடும். அதனால் மூடுவதற்கு முன்னால் அந்த 3,214ஐப் பயன்படுத்தி, பங்குனியில் அம்மா திரும்பும்போது கூடவே வருகிற தங்கை மாமியாரின் டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். இங்கே சம்பா அறுப்பு நடக்கிறது, மெஷின் நாளைக்கு எங்கள் வயலுக்கு வருகிறது, முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.